ஐப்பசி மழைக்கு நடுவே ஒரே திசையில் பறக்கும் பட்டாம்பூச்சிகள்... எங்கே போகின்றன? எப்படிப் பார்ப்பது?

மூணு நாள் விடாத மழை. நாலாவது நாள் காலை பத்து மணிக்கு வெயில் லேசாக எட்டிப் பார்க்கிறது. ஆபீஸுக்குக் கிளம்ப பைக்கை எடுக்க வருகிறீர்கள். காம்பவுண்டு சுவருக்கு மேலே கருப்பாக ஒரு பட்டாம்பூச்சி போகிறது. சில நொடிகளில் இன்னொன்று. அப்புறம் சேர்ந்தாற்போல் ரெண்டு. எதுவும் பூவில் உட்காரவில்லை. சுற்றி வரவும் இல்லை. எல்லாமே ஒரே பக்கம் பார்த்துப் போகின்றன, பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி.

"மழை விட்டதும் நிறைய பூச்சி பறக்குது" என்று நினைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டியிருப்பீர்கள். ஆனால், நீங்கள் பார்த்தது தென்னிந்தியாவின் பெரிய பயணங்களில் ஒன்றாக இருக்கலாம். அந்தப் பயணத்தின் நடுவில் அவை இளைப்பாறுகிற இடம், உங்கள் தெருமுனையில் இருக்கிற காலி மனையாகவும் இருக்கலாம். அந்த மனையைத்தான் மழைக்கு முன்னாடி ஜேசிபி வைத்து வழித்துவிடுகிறோம்.

அக்டோபர், நவம்பரில் பறக்கிற பட்டாம்பூச்சிகள் எவை, ஏன் பறக்கின்றன, செல்போனை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மழைக்காலத்தில் பட்டாம்பூச்சி பறக்குமா?

ஐரோப்பாவில் இது இலையுதிர் காலத்தின் கடைசி. அங்கே நவம்பர் வந்துவிட்டால் பட்டாம்பூச்சி சீசன் ஏறக்குறைய முடிந்துவிடும். பெரும்பாலான இனங்கள் முட்டையாகவோ, புழுவாகவோ, கூட்டுப்புழுவாகவோ குளிர்காலத்தைக் கழிக்கும். ரெட் அட்மிரல் போன்ற சில இனங்கள் மட்டும், வெயில் அடிக்கிற நவம்பர் நாளில் தெற்கு இங்கிலாந்தின் தோட்டங்களில் தென்படும். வட அமெரிக்காவின் மோனார்க் பட்டாம்பூச்சிகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, நவம்பர் தொடக்கத்தில் மெக்சிகோவின் மலைக்காடுகளுக்குப் போய்ச் சேரும்.

நம்ம கதை வேற. தமிழர்கள் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர்காலம். மற்ற ஊர்களில் இலை உதிர்கிற நேரத்தில், வடகிழக்குப் பருவமழையால் இங்கே இலை துளிர்க்கிறது. காய்ந்து கிடந்த கொடிகள் தழைக்கின்றன, சாலையோரம் பூக்கிறது. புழு தின்ன இலை, பூச்சி குடிக்கத் தேன் இரண்டும் கிடைக்கும் காலம் இது. அதனால் நம்ம சமவெளியில் பட்டாம்பூச்சி பார்க்க, 'எல்லாம் முடிஞ்சு போச்சு' என்று சொல்ல முடியாத மாதங்கள் இவை.

ஆனால் மழை பெய்யும்போது அவை பறக்காது. சராசரிப் பட்டாம்பூச்சியின் எடை அரை கிராம்கூட இருக்காது. பெரிய மழைத்துளி ஒன்றே 70 மில்லிகிராம் வரை இருக்கும். அது வேகமாக வந்து விழுவது சின்ன விஷயமில்லை. அதனால் இலைக்கு அடியில், புதருக்குள், மரப்பொந்தில் இறக்கையை மூடி ஒட்டிக்கொள்ளும். வெயில் வந்ததும் இறக்கையை விரித்துக் காயும். அவற்றுக்குச் சொந்தமாக உடல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கத் தெரியாது. பறக்கும் தசைகள் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானால்தான் நன்றாகப் பறக்க முடியும். மழை விட்ட முதல் வெயிலில் திடீரென்று இவ்வளவு பூச்சிகள் தென்படுவதற்குக் காரணம் இதுதான். இரண்டு மூன்று நாள் காத்திருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன.

எங்கிருந்து எங்கே போகின்றன?

தென்னிந்தியாவில் பட்டாம்பூச்சிகளின் இடப்பெயர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பு, ஏப்ரல் முதல் ஜூன் வாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து கிழக்கே வருகின்றன. சமவெளிக்கும், ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை போன்ற கிழக்கு மலைகளுக்கும் பரவுகின்றன. அக்டோபர், நவம்பரில் மறுபடி மேற்கு நோக்கி, நீலகிரி, ஆனைமலைப் பக்கம் போகின்றன.

ஒரு கணக்குப் பாருங்க. ஏற்காட்டில் இருந்து கோத்தகிரிக்கு நேர்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். அரை கிராம் எடைகூட இல்லாத ஒரு பூச்சி, காவிரியைத் தாண்டி, வயல், ஊர், ஹைவே, மின்கம்பி எல்லாவற்றையும் கடந்து அங்கே போக வேண்டும். அதுவும் மழைக்கு இடையில் கிடைக்கிற வெயிலை மட்டும் வைத்துக்கொண்டு!

இது ஊர்க்கதை இல்லை. கிருஷ்ணமேக் குண்டே என்கிற ஆய்வாளர், எந்தெந்த இனங்கள், எந்தத் திசையில், ஆண் பெண் எந்த விகிதத்தில் போகின்றன என்பதைக் கவனித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்விதழில் 2005-ல் எழுதியிருக்கிறார்.

பட்டாம்பூச்சிகள் கூட்டமாக மலைக்குப் போவதை மக்களும் காலங்காலமாகக் கவனித்திருக்கிறார்கள். இலங்கையின் சிவனொளிபாத மலைக்குச் சிங்களத்தில் 'சமனல கந்த' என்று ஒரு பெயர் உண்டு. 'சமனலயா' என்றால் வண்ணத்துப்பூச்சி. கூட்டம் கூட்டமாகப் போகிற பூச்சிகள் அந்த மலையைக் கும்பிடப் போகின்றன என்பது அங்கே உள்ள நம்பிக்கை.

சரி, எதுக்கு இவ்வளவு கஷ்டப்படணும்?

இரண்டு பருவமழைதான் காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஜூன் முதல் மேற்கு மலைகளில் கொட்டித் தீர்க்கும். அந்த நேரத்தில் கிழக்கே மழை மிதமாக இருக்கும்; முட்டையிட ஏற்ற தளிர் கிடைக்கும். ஐப்பசியில் இது தலைகீழ். கிழக்கே பெருமழை. அது முடிந்ததும் தை, மாசியில் இருந்து சமவெளி காய ஆரம்பித்துவிடும். மேற்கு மலையின் பள்ளத்தாக்குக் காடுகளில் மட்டும் ஈரமும் நிழலும் மிச்சம் இருக்கும். அதனால் வறட்சி வருவதற்கு முன்பே இடத்தைக் காலி செய்துவிடுகின்றன.

யார் யார் போகிறார்கள்? எப்படி அடையாளம் காண்பது?

இடம்பெயரும் கூட்டத்தில் முக்கியமானவை 'டைகர்', 'க்ரோ' என்று அழைக்கப்படும் இரண்டு வகைகள். முதலில் இவற்றைப் பழகிக்கொண்டால் போதும்.

• கருநீல வரியன்: ஆங்கிலத்தில் டார்க் ப்ளூ டைகர். கருப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடுகளும் புள்ளிகளும். இடம்பெயரும் கூட்டத்தில் அதிகம் தென்படுவது இதுதான்.

• நீல வரியன்: ப்ளூ டைகர். மேலே சொன்னதன் உடன்பிறப்பு மாதிரியே இருக்கும். நீலப் பட்டைகள் கொஞ்சம் அகலமாக, வெளுப்பாக இருக்கும். இரண்டும் பறக்கும்போது குழப்பம் வருவது சகஜம். போட்டோ எடுத்த பிறகு முடிவு செய்யலாம்.

• வெண்புள்ளிக் கருப்பன்: காமன் க்ரோ. அடர் பழுப்பு இறக்கை, ஓரத்தில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். நிதானமாக மிதந்து போகும். இதனோடு டபுள் பிராண்டட் க்ரோ என்கிற இன்னொரு இனமும் போகும்.

இவை ஏன் இப்படி அவசரமே இல்லாமல் பறக்கின்றன தெரியுமா? உடம்பில் விஷம் இருக்கிறது என்கிற தைரியம்தான். புழுவாக இருக்கும்போது பால் வடியும் செடிகளைத் தின்று சேர்த்த நச்சும், வளர்ந்த பிறகு சில செடிகளில் உறிஞ்சிய நச்சும் உடம்பில் இருக்கும். ஒருமுறை கடித்த பறவை அடுத்த முறை யோசிக்கும்.

இந்தப் பயணிகளோடு சேர்த்து, ஊருக்குள்ளேயே இந்த மாதங்களில் பார்க்கக் கூடியவை சில:

• வெந்தய வரியன்: ப்ளெயின் டைகர். ஆரஞ்சு இறக்கை, கருப்பு முனை, அதில் வெள்ளைத் திட்டு. எருக்கஞ்செடி இருந்தால் பக்கத்தில் இது இருக்கும்.

• க்ரிம்சன் ரோஸ்: கருப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டை, குங்குமச் சிவப்பில் உடம்பு. ராமேஸ்வரத்துக்கும் இலங்கைக்கும் இடையே கடல் மேல் பறப்பதாகப் பதிவாகியிருப்பது இதுதான். இதே மாதிரி வேஷம் போடுகிற பெண் காமன் மார்மனும் உண்டு. உடம்பைப் பாருங்க, சிவப்பாக இருந்தால் ஒரிஜினல், கருப்பாக இருந்தால் டூப்.

• காமன் எமிக்ரன்ட்: வெளிர் மஞ்சள் அல்லது இளம்பச்சை கலந்த வெள்ளை. வேகமாகப் பறக்கும். பெயரிலேயே 'குடிபெயர்பவர்' என்று இருக்கிறது. கொன்றை மரம்தான் இதன் வீடு.

• காமன் ஈவினிங் பிரவுன்: பொழுது சாயும்போது புல்வெளியிலும் வாசல் விளக்குப் பக்கமும் பறக்கும். மழைக்காலத்தில் பிறந்ததற்கு இறக்கையின் அடிப்பக்கம் கண் போன்ற வட்டங்கள் பளிச்சென்று இருக்கும். வறண்ட காலத்தில் பிறந்ததோ காய்ந்த இலை மாதிரியே இருக்கும். ஒரே இனம், ரெண்டு சட்டை!

எப்போது, எங்கே போய் நிற்கலாம்?

நேரம்: மழை விட்டு வெயில் வந்த நாள், காலை 9 மணி முதல் நண்பகல் வரை. தொடர்ந்து மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இன்னும் நல்லது.

இடம்: கோவை, மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், மலையடிவாரச் சாலைகளிலும் ஓடைக்கரைகளிலும் கூட்டத்தைப் பார்க்கலாம். மலைக்குப் போனால் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவனையும் தேடலாம். 2019-ல் அரசு அறிவித்த இனம் இது. சேலம், நாமக்கல், திருச்சிக்காரர்களுக்கு ஏற்காடும் கொல்லிமலையும் இருக்கின்றன. திருச்சி ஸ்ரீரங்கம் பக்கத்தில் மேலூரில், 2015-ல் திறக்கப்பட்ட வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இருக்கிறது. சென்னையில் கிண்டி, அடையாறு, நன்மங்கலம், வண்டலூர் என்று பசுமை மிச்சம் இருக்கிற இடங்கள் எல்லாமே சரிதான்.

எங்கேயும் போக நேரம் இல்லையா? மொட்டை மாடி போதும்.

இடப்பெயர்வா, சும்மா சுற்றலா? 10 நிமிட டெஸ்ட்

ஒரு பட்டாம்பூச்சி போனால் அது இடப்பெயர்வு ஆகிவிடாது. இப்படிச் செய்து பாருங்க.

1. வானம் திறந்து தெரிகிற ஒரு இடத்தில் நில்லுங்க. எதிரே இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொள்ளுங்க. ஒரு தென்னை மரம், ஒரு விளக்குக் கம்பம். இரண்டுக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு.

2. போனில் 10 நிமிடத்துக்கு டைமர் வையுங்க. கோட்டைக் கடக்கும் பட்டாம்பூச்சிகளை மட்டும் எண்ணுங்க. இடமிருந்து வலம் எத்தனை, வலமிருந்து இடம் எத்தனை என்று தனித்தனியாக.

3. போனில் இருக்கிற காம்பஸைத் திறந்து, அவை போகும் திசையைக் குறித்துக்கொள்ளுங்க.

4. இரண்டு பக்கமும் சமமாகப் போனால், அது அன்றாடச் சுற்றல். பெரும்பாலானவை பூவைக்கூடக் கண்டுகொள்ளாமல் ஒரே பக்கம், இந்த மாதங்களில் மேற்கு அல்லது தென்மேற்காகப் போனால், நீங்கள் பயணத்தைப் பார்க்கிறீர்கள்.

உட்கார்ந்திருப்பது கிடைத்தால் போட்டோ எடுங்க. இறக்கை விரித்தபடி ஒன்று, மூடியபடி ஒன்று. இரண்டும் இருந்தால்தான் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியும். உங்க நிழல் அதன் மேல் விழாமல், மெதுவாக, கீழ்மட்டத்தில் இருந்து நெருங்குங்க. கையில் பிடிக்கவே வேண்டாம். இறக்கைச் செதில் உதிரும்.

எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் ஏற்றலாம். 'பட்டர்ஃப்ளைஸ் ஆஃப் இந்தியா' என்கிற இணையதளமும் பொதுமக்களின் பதிவுகளை வாங்குகிறது. தேதி, இடம், எண்ணிக்கை, திசை நான்கும் இருந்தால் அந்தப் பதிவுக்கு மதிப்பு. இன்ஸ்டாவில் ஸ்டோரி போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதையே இங்கேயும் போட்டுவைத்தால் பத்து வருடம் கழித்தும் ஒருவருக்கு உதவும். '10 நிமிடம் நின்றேன், ஒன்றும் வரவில்லை' என்பதும் தகவல்தான். பறவைக்குக் காலில் வளையம் மாட்டுவது போல இவற்றைப் பின்தொடர்வது சுலபமில்லை. பல ஊர்களில் பல பேர் நின்று எண்ணினால்தான் பாதை புலப்படும்.

காலி மனையும் டெங்கு பயமும்

இப்போது அந்தத் தெருமுனைக் காலி மனைக்கு வருவோம்.

நீண்ட தூரம் பறக்கிற பூச்சிக்கு வழியில் 'பெட்ரோல் பங்க்' வேண்டும். வெட்டுக்காயப்பூண்டு, உண்ணிச்செடி போன்றவற்றின் தேன்தான் அந்த எரிபொருள். இன்னும் முக்கியமானவை கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும். காய் காய்ந்தால் கிலுகிலுவென்று சத்தம் போடுமே, சின்ன வயதில் ஆட்டிப் பார்த்திருப்பீங்க, அந்தக் கிலுகிலுப்பைதான். வாடிய கிலுகிலுப்பைச் செடி ஒன்றில் வரியன்களும் கருப்பன்களும் டஜன் கணக்கில் தொங்குவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆண்கள். அந்தச் செடியில் உள்ள ஆல்கலாய்டுகளை உறிஞ்சித்தான் அவை பெண்ணைக் கவரும் வாசனைப் பொருளைத் தயாரிக்கின்றன. பறவைகளிடம் இருந்து காப்பாற்றும் விஷமும் அதே சரக்குதான்.

இந்தச் செடிகளை யாரும் நர்சரியில் விற்பதில்லை. சாலையோரத்திலும் வரப்பிலும் காலி மனையிலும் தானாக முளைப்பவை. நமக்கு அதன் பெயர் 'களை', 'புதர்'. மழைக்கு முன்னாடி கொசு வரும், பாம்பு வரும் என்று மொத்தமாக வழித்துவிடுகிறோம். அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்லவே முடியாது. வீட்டில் குழந்தை டெங்குவில் படுத்தவர்களிடம் போய்ப் பட்டாம்பூச்சி பாடம் எடுக்க முடியுமா?

ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது செடியில் இல்லை, தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் கப், மூடாத தொட்டி, பூந்தொட்டித் தட்டு. மனையை மொட்டையடித்துவிட்டு இவற்றை அங்கேயே விட்டால் கொசு குறையாது. இவற்றை எடுத்துவிட்டு, ஓரத்துச் செடியை விட்டுவைத்தால் இரண்டு பக்கமும் காரியம் ஆகும்.

அபார்ட்மென்ட் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் 'கிளீனிங்' பேச்சு வரும்போது நீங்கள் கேட்கக் கூடியவை மூணே மூணு:

• முதலில் தண்ணீர் தேங்கும் பொருட்களை அகற்றுவோம்.

• நடைபாதையையும் வீட்டுச் சுவர் ஓரத்தையும் வெட்டுவோம். மனையின் கடைசி ஓரத்தில் ஒரு பட்டைச் செடியை விடுவோம். பார்த்தீனியத்தை மட்டும் பிடுங்கிவிடலாம்.

• களைக்கொல்லி வேண்டாம். முழுதாக வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தை மாதம் வரை தள்ளிவைப்போம்.

பால்கனி மட்டும்தான் இருக்கிறதா? ஒரு தொட்டியில் கறிவேப்பிலை, இன்னொன்றில் இட்லிப்பூ. கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவை நசுக்கிவிடாதீங்க. அது கொஞ்ச நாளில் பச்சையாக மாறும், பிறகு கூட்டுப்புழுவாகும், அப்புறம் உங்க பால்கனியில் இருந்தே ஒரு பட்டாம்பூச்சி பறந்து போகும். குழம்புக்கு நாலு இலை குறையும், அவ்வளவுதான்.

ஹைவேயையே மூடிய ஊர்

'பூச்சிக்காக இவ்வளவு மெனக்கெடணுமா?' என்று தோன்றலாம். தைவானைப் பாருங்க. அங்கேயும் இலையுதிர் காலத்தில் க்ரோ வகைப் பட்டாம்பூச்சிகள் குளிருக்குப் பயந்து தெற்கே மாவோலின் பள்ளத்தாக்குகளில் வந்து கூடுகின்றன. வசந்தத்தில் வடக்கே திரும்பும் வழியில் ஒரு பெரிய நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது. வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன என்று தெரிந்ததும், 2007-ல் அந்தச் சாலையில் ஒரு பகுதியின் ஒரு லேனைத் தற்காலிகமாக மூடினார்கள். பூச்சிகள் மேலேறிப் பறக்கட்டும் என்று ஓரத்தில் வலையும் கட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் டபுள் பிராண்டட் க்ரோவும் ஒன்று. ஆமாங்க, நம்ம ஏற்காட்டிலும் நீலகிரியிலும் பறக்கிற அதே இனம்தான்.

தைவானில் அந்த முடிவை எடுக்க முடிந்ததற்குக் காரணம், பூச்சிகள் எந்த இடத்தில், எந்த வாரத்தில், எத்தனை கடக்கின்றன என்று எண்ணி வைத்திருந்ததுதான். நம்ம ஊரில் சேலத்துக்கும் கோவைக்கும் இடையே ஹைவேயைக் கடக்கிற கூட்டத்துக்கு அப்படி ஒரு கணக்கு வேண்டுமென்றால், யாராவது நின்று எண்ண வேண்டும்.

அடுத்த முறை மழை விட்டு வெயில் அடிக்கிற காலையில், ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் மேலே பாருங்க. எத்தனை போச்சு, எந்தப் பக்கம் போச்சு? அதை மட்டும் எழுதி வையுங்க.